எடைமேடையில் ஐந்து பேர்

அத்தியாயம் பதினேழு

ட்ரெவர் அந்தக் காக்கி நிற வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, ஊரையே கூப்பிடுகிற மாதிரி ஹாரன் அடித்ததோடு சென்ற வாரம் விட்டிருந்தோம். இரட்டைப் பையன்கள் இருவரும் செருப்புப் போடாமலே ஓடினார்கள். கொரின் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கையிலிருந்த உருளைக்கிழங்கைத் தோல் சீவாமலே பாத்திரத்தில் போட்டாள். அன்றைக்கு அவள் காட்டிய கோபம் அவ்வளவுதான்.

இந்த வாரம்தான் படிக்க ஆரம்பிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கொரினுக்கும் ட்ரெவருக்கும் இது இரண்டாவது கல்யாணம். அவள் பக்கம் ஒரு பெண், டாம்சின், பதின்மூன்று வயது. அவன் பக்கம் ஜெட், ஃபிளின் என்று ஐந்து வயது இரட்டையர். பழைய கார் கியர்பாக்ஸ் உடைந்து உயிரை விட்டதிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. குளிர்கால விடுமுறையில் மேற்கே போய்க் கடல் விளிம்பில் நின்று திமிங்கிலம் பார்ப்பதாகத் திட்டம். அதற்கு ஒரு பெரிய வண்டி வேண்டும்.

கொரின் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தாள். டீக்கின் அவென்யூவில் விற்பனைக்கு நிற்கிற வெள்ளை எஸ்யூவி. ஏழு சீட். கடைசி வரிசைவரைக்கும் பக்கவாட்டு ஏர்பேக் உண்டு. டாம்சின் அதன் கடைசி வரிசையில் ஏறி உட்கார்ந்து, காலை நீட்டிப் பார்த்து, "முட்டி இடிக்கலம்மா" என்று ஆச்சரியப்பட்டாள். ஒரு குழந்தைக்கு இடம் கிடைத்ததே ஆச்சரியமாகப் போய்விட்டதென்றால் அந்த வீட்டில் என்னமோ சரியில்லை. இதை நான் மூன்றாம் அத்தியாயத்திலிருந்தே சொல்லிக்கொண்டு வருகிறேன்.

ட்ரெவர் அந்த வெள்ளை வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தான். டயரை உதைத்தான். "பல் டாக்டர் பொண்டாட்டி மார்க்கெட்டுக்குப் போற வண்டி" என்றான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவன் கொண்டுவந்தது நண்பன் ஸ்டம்பியின் பழைய வண்டி. ஸ்டம்பி என்றால் குட்டையன் என்று அர்த்தம். ஆள் ஆறடிக்கு மேல். எங்கள் மில்டியூரா ஊரில் பெயர் வைப்பதே அப்படித்தான். வார இறுதிவரை வைத்துக்கொள், பிடிக்கவில்லை என்றால் திங்கட்கிழமை திருப்பிக் கொடு என்பது நண்பர்களுக்குள் பேச்சு. கொரினுக்குப் பிடித்தால்தான் வாங்குவது என்று ட்ரெவர் எல்லோர் முன்னாலும் சொன்னான். அப்படிச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு தாராளம் வழியும். அதைப் பார்த்தால் எனக்குக் குமட்டும்.

சனிக்கிழமை காலை ஒத்திகை. நெடும்பயணம் போகிற குடும்பம் எதுவானாலும் இந்த ஊரில் இதைச் செய்யாமல் கிளம்பாது. கொண்டு போகிற சாமான் மொத்தத்தையும் வாசலில் பரப்பி, ஒவ்வொன்றாக வண்டியில் ஏற்றிப் பார்ப்பார்கள். அக்கம்பக்கத்தார் டீக் கோப்பையோடு வந்து நின்று, கேட்காத யோசனையெல்லாம் சொல்வார்கள். அன்றைக்கும் நாலு பேர் வந்தார்கள். நாலு பேரும் ஆண்கள். நாலு பேரும் வண்டியின் முன்னால் நின்றார்கள்.

முன்னால் என்ன இருந்தது? கங்காரு மோதினால் கங்காருதான் சாக வேண்டும் என்று தடிமனான இரும்புக் கம்பி. அதன் வயிற்றில், சேற்றில் புதைந்தால் இழுக்க ஒரு விஞ்ச். கூரையில் மடித்து வைத்த கூடாரம். அதன் பின்னால் இரண்டு உபரி டயர். உள்ளே இரண்டாவது பேட்டரி. பின்புறம் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு இரும்பு இழுப்பறைகள். திமிங்கிலம் பார்க்கிற இடத்துக்குக் கடைசிவரை தார் ரோடு போகிறது. ட்ரெவர் எந்தச் சேற்றில் புதையப் போகிறான் என்று யாரும் கேட்கவில்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம்மில் சொல்வது இந்த வண்டியைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் சிகரம் அந்த ஃபிரிட்ஜ். பயணத்துக்கென்றே செய்த, மேல்பக்கம் திறக்கிற பெட்டி. ஒரு தடுப்பில் இறைச்சி, இன்னொரு தடுப்பில் பீர். அதை அவன் நடு வரிசையில், டிரைவருக்குப் பின்னால் இருக்கும் சீட்டில் வைத்து, நாலு பட்டையால் இறுக்கிக் கட்டினான். பக்கத்தில் இரண்டு குழந்தை சீட், ஜெட்டுக்கும் ஃபிளினுக்கும். நடு வரிசை முடிந்தது.

டாம்சினுக்கு மூன்றாவது வரிசை. அங்கேயும் ஒரு சீட்தான். மற்றதைக் கழற்றிவிட்டுத்தான் இழுப்பறை வைத்திருந்தான் ஸ்டம்பி.

அவள் துணியும் வாளியுமாக உள்ளே ஏறித் துடைக்க ஆரம்பித்தாள். யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் செய்கிற வயசு அவளுக்கு எப்போது வந்ததோ தெரியவில்லை. கால்மிதியைத் தூக்கினாள். ஸ்டம்பி மீன் பிடிக்கப் போகிறவன். தூண்டிலுக்கு வைத்த இறால் எந்தக் காலத்திலோ கொட்டி, அவன் நாயின் ரோமத்தோடு சேர்ந்து கம்பளத்தில் கருப்பாக ஒட்டிக் கிடந்தது. வெயில் படப்பட அந்த நாற்றம் எழுந்து வாசல்வரை வந்தது. டாம்சின் வெளியே தலையை நீட்டி இரண்டு தரம் ஓங்கரித்தாள். பிறகு மறுபடியும் உள்ளே போனாள்.

ட்ரெவர் எட்டிப் பார்த்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்தால் இரண்டு நாளில் போய்விடும் என்றான். மூன்றாவது வரிசை ஜன்னல் திறக்காது. அதை டாம்சின்தான் சொன்னாள், மெதுவாக. ஆண்கள் நாலு பேரும் சிரித்தார்கள்.

கொரின் சிரிக்கவில்லை. அவள் வண்டியின் பின்பக்கம் வந்து நின்று, மகள் உட்கார வேண்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. ஏர்பேக் நடு வரிசையோடு நின்றுவிடுகிறது. பக்கத்தில் இரும்பு. அவள் ஆரஞ்சு பேக்கிங் ஷெட்டில் வேலை செய்கிறவள். எந்தப் பழத்தை அடியில் போட்டால் நசுங்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

"ஃபிரிட்ஜைப் பின்னாடி வெச்சுட்டு, இவளை நடு சீட்டுல உக்கார வெக்கலாமே" என்றாள்.

"பின்னாடி வெச்சா ஒயர் எட்டாது."

"ஒயரை நீட்டலாம்."

"ஓட்டிட்டு இருக்கறப்ப எனக்கும் கை எட்டணும்ல, கொரி? அத்தனை தூரம் ஓட்டப் போறவன் நான்தானே."

பக்கத்து வீட்டுக்காரர் டீயை உறிஞ்சிக்கொண்டே தலையாட்டினார். ஓட்டுகிறவனுக்குத்தான் கஷ்டம் தெரியும் என்றார். ஒரே ஒரு பயணம்தானே என்று கொரின் தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஒன்றரை வருஷமாக அவள் தனக்குச் சொல்லிக்கொள்வதெல்லாம் "ஒன்றுதானே" என்றுதான் ஆரம்பிக்கும். ஒரு பிறந்தநாள்தானே. ஒரு படுக்கையறைதானே. ஒரு பயணம்தானே. எனக்கு அவள்மேலும் கோபம் உண்டு.

சாமான் ஏறி முடிந்ததும் ட்ரெவர் கையைத் தட்டினான். எல்லாரும் ஏறுங்க, எடைமேடைக்குப் போய் எடை போட்டுப் பார்த்துவிடலாம் என்றான். இதுவும் எங்கள் ஊர் வழக்கம்தான். இவ்வளவு எடைக்குமேல் ஏற்றக் கூடாது என்று ஒவ்வொரு வண்டிக்கும் கணக்கு உண்டு. மீறினால் பிரேக் பிடிக்காது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரன் கையை விரிப்பான். ட்ரெவர் தன் கார் கிளப்பில் இதைப் பற்றி மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிறவன். கொரினுக்கே அப்போது அவன்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. பாதுகாப்பைப் பற்றி யோசிக்கத்தான் செய்கிறான் என்று நினைத்தாள்.

பேதை.

ஊருக்கு வெளியே ஆரஞ்சு லாரிகளுக்காக வைத்திருக்கிற எடைமேடை அது. சனிக்கிழமை மத்தியானம்வரை பொதுமக்களும் போடலாம். அறுவடைக் காலம் என்பதால் முன்னால் இரண்டு லாரி நின்றது. இவர்கள் முறை வந்தபோது ட்ரெவர் வண்டியை இரும்புத் தட்டின்மேல் பதமாக ஏற்றி நிறுத்தினான். எதிரே உயரத்தில் பெரிய பலகையில் சிவப்பு எண்கள் ஓடி நின்றன.

அனுமதித்த எடையைவிட ஐம்பது கிலோ சொச்சம் அதிகம்.

ட்ரெவர் உச்சுக்கொட்டினான். ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டான். ரொம்ப நேரம் யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். எதை இறக்குவது என்று கொரின் மனசுக்குள் வரிசை போட ஆரம்பித்திருந்தாள். உபரி டயரில் ஒன்று. கூரைக் கூடாரம். விஞ்ச்.

"டாம்ஸி, நீ கொஞ்சம் இறங்கேன்" என்றான் ட்ரெவர், கண்ணாடியில் பார்த்தபடி. "உன் பையையும் எடுத்துக்கோ. சும்மா, ஒரு கணக்குப் பாக்கலாம்."

கடைசி வரிசையிலிருந்து இறங்குவது சுலபமில்லை. நடு வரிசையை மடக்கித்தான் இறங்க வேண்டும். நடு வரிசையில் ஃபிரிட்ஜும் பையன்களும். டாம்சின் பின்கதவைத் திறக்கச் சொல்லி, இழுப்பறைமேல் முழங்காலிட்டு, சாமான்களுக்கு நடுவே தவழ்ந்து வெளியே வந்தாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு தட்டைவிட்டு இறங்கி ஓரமாக நின்றாள். அவள் சட்டையில் நாய் ரோமம் ஒட்டியிருந்தது.

பலகையில் எண்கள் இறங்கின. எல்லைக்குச் சற்றுக் கீழே வந்து நின்றன.

ட்ரெவர் மெல்ல விசிலடித்தான்.

"பாத்தியா" என்றான் கொரினிடம். "நான் சொல்லல. மெஷின் சொல்லுது."

எனக்கு இதை எழுதவே அருவருப்பாக இருக்கிறது. ஆனால் நடந்ததை எழுதத்தானே வேண்டும். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு பொறுமையாக விளக்கினான். அவளுக்கும் பதின்மூன்று வயதாகிறது. சின்னப் பையன்களோடு வந்தால் அவளுக்குத்தான் போர் அடிக்கும். டார்வின் நகரத்தில் அவள் அப்பா லாக்லன் இருக்கிறான். விடுமுறையை அங்கே கழித்தால் அப்பாவோடும் இருந்த மாதிரி ஆகும். விமானத்தில் போய்விடலாம். லாக்லனுக்கும் சம்மதம்தான்.

லாக்லன் மகளுக்கு போன் செய்து ஆறேழு மாதம் ஆகிறது. கொரின் கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"லாக்லன்கிட்ட எப்ப பேசின?"

"இப்ப அதுவா முக்கியம்?"

"எப்ப பேசின, ட்ரெவர்?"

அவன் பதில் சொல்லுமுன் ஆபீஸ் ஜன்னல் திறந்தது. எடைச் சீட்டு கொடுக்கிற கிளெனிஸ் தலையை நீட்டினாள். பாவம், அவளுக்கு எந்த உள்நோக்கமும் கிடையாது. பின்னால் லாரி நிற்கிறதே என்ற அவசரம்தான்.

"வியாழக்கிழமையே இந்த வண்டிக்கு எடை போட்டாச்சேப்பா? அந்த நெட்டையனை ஏத்தி எறக்கி அத்தனை தரம் பாத்தியே. மறுபடியும் எதுக்கு வந்து வழியை அடைக்கற?"

ட்ரெவர் ஜன்னல் கண்ணாடியை ஏற்றினான்.

கொரினுக்குப் புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வியாழக்கிழமை அவள் ஷெட்டில் இரண்டாவது ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தபோது, இவனும் ஸ்டம்பியும் எல்லாச் சாமானையும் ஏற்றிக்கொண்டு இங்கே வந்திருக்கிறார்கள். குடும்பத்து ஆட்களின் எடையையும் கூட்டி, எவ்வளவு அதிகம் என்று தெரிந்துகொண்டிருக்கிறார்கள். அப்புறம் உட்கார்ந்து யோசித்து, இறக்க வேண்டிய சாமானைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். லாக்லனுக்கு போன் செய்திருக்கிறான். இன்று காலை அந்தப் பெண் ஓங்கரித்துக்கொண்டே கம்பளத்தைச் சுரண்டியபோதும் இவனுக்குத் தெரியும், அவள் அதில் உட்கார்ந்து எங்கேயும் போகப் போவதில்லை என்று. துடைக்கட்டும் என்று விட்டிருக்கிறான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அந்தச் சோற்றை அவள் கையாலேயே பரிமாறவும் வைத்திருக்கிறான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்கூட வரவில்லை. ஸ்டியரிங்மேல் இருந்த அவன் கையைப் பார்த்தாள். அந்தக் கை தினமும் தன் தோள்மேல் விழுகிற கை என்று நினைத்தபோது உடம்பு கூசியது.

கதவைத் திறந்து இறங்கினாள். பலகையில் எண்கள் மறுபடி இறங்கின.

"எங்க போற?" என்றான் அவன்.

"இப்ப இன்னும் இடம் இருக்கு. பீர் ஏத்திக்கோ."

"கொரி, எல்லாரும் பாக்கறாங்க. ஏறு. வீட்ல போய்ப் பேசிக்கலாம்."

அவள் ஏறவில்லை. பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரனை அழுத்தினார். ட்ரெவர் வண்டியைத் தட்டிலிருந்து இறக்கி, வெளி கேட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். எஞ்சினை அணைக்கவில்லை. எப்படியும் வருவாள் என்ற நம்பிக்கை. இதுவரைக்கும் ஒவ்வொரு தடவையும் வந்திருக்கிறாள். உள்ளேயிருந்து ஃபிளின் அழுகிற சத்தம் கேட்டது; கொரின், கொரின் என்று கூப்பிட்டு அழுதான். பெற்றவள் விட்டுப்போன பிறகு அந்தப் பையன்களுக்குச் சோறு ஊட்டித் தூங்கவைத்தவள் இவள்தான்.

டாம்சின் அம்மாவின் கையைத் தொட்டாள்.

"நீ போம்மா" என்றாள். "பசங்க பயப்படுவாங்க. எனக்கு டார்வின் பரவால்ல. வீட்டுக்கு நடந்தே வந்துடுவேன், வழி தெரியும்."

அழாமல் சொன்னாள். பழகினவள் மாதிரி சொன்னாள். கொரினை உலுக்கியது அதுதான். ட்ரெவர் செய்ததைக்கூட என்றாவது ஒருநாள் அவள் விழுங்கித் தொலைத்திருப்பாளோ என்னமோ. ஆனால் இந்தப் பெண் தன்னைத் தானே இறக்கி வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் பெற்றவள்.

"பையை எடுத்துட்டு வா" என்றாள் கொரின்.

வேகமாக நடந்தாள். டிரைவருக்குப் பின்னால் இருந்த கதவைத் திறந்தாள். ட்ரெவர் திரும்பிப் பார்த்தான். ஏறப் போகிறாள் என்று நினைத்துச் சிரித்துக்கூட வைத்தான். அவள் பட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். ஒயரைப் பிடுங்கினாள். அவன் ஏதோ கேட்டான். அவள் காதில் அது விழவில்லை. ஃபிரிட்ஜின் கைப்பிடியைப் பிடித்து, ஷெட்டில் பழப்பெட்டி இழுக்கிற இழுப்பில் இரண்டு இழுப்பு இழுத்தாள். அது சீட்டைவிட்டு நகர்ந்து, வண்டிப் படியில் ஒரு தரம் மோதி, சரளைக்கல்லில் பக்கவாட்டாக விழுந்தது. உள்ளே பாட்டில் உடைகிற சத்தம் கேட்டது.

"ஏறி உக்காரு" என்றாள் மகளிடம். "இங்கதான். பெல்ட் போடு."

டாம்சின் ஏறினாள். ஃபிளின் அழுகையை நிறுத்திவிட்டு அவள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டான்.

கொரின் டிரைவர் பக்கத்து முன்கதவைத் திறந்துகொண்டு நின்றாள். இப்போது அவன் தன்னைத் திட்டுவான், அல்லது மன்னிப்புக் கேட்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் இரண்டையும் செய்யவில்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டு அவளை விலக்கிக்கொண்டு இறங்கினான். நேராக ஃபிரிட்ஜிடம் போனான். மண்டியிட்டு அதை நிமிர்த்தி, மூடியைத் திறந்து, கையை உள்ளே விட்டு எது எது பிழைத்தது என்று தடவிப் பார்க்க ஆரம்பித்தான். பிள்ளைகள் இருந்த பக்கம் அவன் தலை திரும்பவே இல்லை.

கொரின் டிரைவர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். இறால் நாற்றம் இன்னும் வண்டிக்குள் அடித்துக்கொண்டிருந்தது. மூன்று பிள்ளைகள் கண்ணாடியில் தெரிந்தார்கள். ஒன்று அவளுடையது, இரண்டு அவனுடையவை. கியரைப் போட்டாள்.

"அப்பா வரலையா?" என்றான் ஜெட்.